படத்தின் சிவப்பு மட்டும் நொதியின் அளவாகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் மூளை ஸ்கேன் பற்றி வந்த கட்டுரையையும் அதனுடன் அச்சான இரண்டு படங்களையும் பார்த்தோம். ஒரு பக்கம் புகைபிடிக்காதவரின் மூளை, மறுபக்கம் புகைபிடிப்பவரின் மூளை. முதலாவதில் நடுப்பகுதி சிவந்து தெரிகிறது. இரண்டாவதில் அதே இடம் பச்சையும் நீலமுமாக இருக்கிறது. கீழே, "சிவப்பாக உள்ள இடத்தில் நொதி அதிகம்" என்று ஒரு வரி. மூளை நொதிகளுக்குத் தமிழ் நாளிதழ் இவ்வளவு இடம் ஒதுக்குவது அபூர்வம். அதற்கு மனமார்ந்த நன்றி. ஆனால் அந்த ஒரு வரி தவறு. அது எப்படித் தவறு என்று சொன்னால்தான், அந்தப் படங்களுக்குப் பின்னால் இருக்கும் அளவீடு எவ்வளவு கடினமானது, ஏன் நம்பத்தக்கது என்பதும் விளங்கும். ஆகவே சற்று நீளமாகவே எழுதுகிறோம்.

அந்தப் படங்களை எடுக்கும் பெட் (பாசிட்ரான் உமிழ்வு ஸ்கேன்) கருவிக்கு நொதி தெரியாது. மூலக்கூறும் தெரியாது. ஊசியில் செலுத்திய பொருளில் உள்ள கதிரியக்க அணு சிதையும்போது ஒரு பாசிட்ரான் வெளிப்படுகிறது. அது ஓரிரு மில்லிமீட்டருக்குள் ஓர் எலக்ட்ரானோடு சேர்ந்து அழிய, 511 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள இரண்டு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசையில் பாய்கின்றன. தலையைச் சுற்றியுள்ள உணரி வளையத்தில் சில நானோ நொடிக்குள் இரண்டும் பதிவானால், அந்த இரண்டு உணரிகளையும் இணைக்கும் கோட்டில் எங்கோ ஒரு சிதைவு நடந்திருக்கிறது என்று கணக்கு. இப்படிக் குவியும் கோடுகளிலிருந்துதான் படம் பிறக்கிறது. அந்த அணு நொதியில் சிக்கிக் கிடந்ததா, ரத்தக் குழாயில் ஓடிக்கொண்டிருந்ததா, கல்லீரலில் உடைந்து வேறு பொருளாகி மூளைக்கு வந்ததா என்பதைக் காமாக் கதிர் சொல்லாது. ஆக, சிவப்பு என்றால் "இந்த நேரத்தில் இந்த இடத்தில் கதிரியக்கம் அதிகம்" என்பதற்கு மேல் எந்தப் பொருளும் கிடையாது.

பிறகு நொதியை அளப்பது எப்படி? குறிப்பிட்ட நொதி வேலை செய்தால் மட்டுமே திசுவில் சிக்கிக்கொள்ளும், இல்லாவிட்டால் வந்த வழியே ரத்தத்துக்குத் திரும்பிவிடும் மூலக்கூறைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புற்றுநோய்க்காக பெட் ஸ்கேன் எடுத்துக்கொண்ட வாசகர்கள் பலருக்கும் இந்த உத்தி தெரியாமலே பயன்பட்டிருக்கும். அங்கே செலுத்தும் எஃப்டிஜி, அதாவது ஃப்ளோரின்-18 பொருத்திய குளுக்கோஸ் போன்ற பொருள், குளுக்கோஸைப் போலவே செல்லுக்குள் நுழைகிறது. ஹெக்சோகைனேஸ் என்ற நொதி அதில் ஒரு பாஸ்பேட்டைச் சேர்க்கிறது. குளுக்கோஸாக இருந்தால் அடுத்த படிக்குப் போகும்; எஃப்டிஜியால் போக முடியாது, பாஸ்பேட் சேர்ந்தபின் வெளியேறவும் முடியாது. நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் உள்ள புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் தயாரான எஃப்டிஜியை விமானத்தில் பிலடெல்பியாவுக்குக் கொண்டுபோய், 1976 ஆகஸ்டில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மனிதருக்கு முதன்முறையாகச் செலுத்தினார்கள். அதிலுள்ள ஃப்ளோரின்-18இன் அரை ஆயுள் 110 நிமிடம் என்பதால்தான் அந்தப் பயணம் சாத்தியமானது.

கட்டுரையில் வந்த படங்களின் கதை, அதே புரூக்ஹேவனில் ஜோன்னா ஃபவுலரும் அவருடைய குழுவினரும் மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்ற நொதியில் செய்த வேலையோடு தொடங்குகிறது. டோபமின், செரட்டோனின் போன்றவற்றைச் சிதைக்கும் நொதி இது. செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் இருக்கிறது. ஏ, பி என்று இரண்டு வகை. பி வகை மூளையில் பெரும்பாலும் நரம்பு செல்களில் அல்லாமல் அவற்றுக்குத் துணைநிற்கும் கிளியா செல்களில் இருக்கிறது. வயது ஏற ஏற அதுவும் ஏறும். பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் செலிஜிலின், அதாவது எல்-டெப்ரெனில், இந்த பி வகையை முடக்கும் மருந்து. முடக்கும் விதம்தான் முக்கியம். நொதி இதைத் தன் வழக்கமான உணவு என்று எடுத்துக்கொண்டு ஆக்சிஜனேற்றத் தொடங்குகிறது. அந்த வினையின் நடுவில் உருவாகும் துண்டு, நொதியின் ஃப்ளேவின் பகுதியோடு நிரந்தரமாகப் பிணைந்துவிடுகிறது. நொதி தானே இயங்கித் தன்னை அழித்துக்கொள்கிறது. ஆகவே டெப்ரெனிலில் கார்பன்-11ஐப் பொருத்தினால், வேலை செய்யும் நொதி இருக்கும் இடத்தில் மட்டும் கதிரியக்கம் தங்க வேண்டும்.

1987இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வில் இது மனித மூளையில் காட்டப்பட்டது. அந்த ஆய்வின் அழகு அதன் சரிபார்ப்பில் இருக்கிறது. டெப்ரெனிலுக்குக் கண்ணாடிப் பிம்பம் போன்ற டி வடிவம் ஒன்று உண்டு. கொழுப்பில் கரைவது, மூளைக்குள் நுழைவது எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் நொதி அதைப் பொருட்படுத்துவதில்லை. டி வடிவத்தைச் செலுத்தியபோது மூளைக்குள் போன கதிரியக்கம் விரைவாக வெளியேறியது. எல் வடிவம் தங்கியது. கதிரியக்கமற்ற டெப்ரெனிலை முன்கூட்டியே கொடுத்தபோது எல் வடிவமும் தங்கவில்லை. இந்த இரண்டு சோதனைகள் இல்லாமல் "தங்கியது நொதியால்தான்" என்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. தங்கள் படத்தின் கீழ் வந்த வரி விழுவது சரியாக அந்த ஓட்டையில்தான்.

கணக்கில் மூன்று எண்கள் உண்டு. ரத்தத்திலிருந்து மூளைக்குள் டிரேசர் (கதிரியக்க அணு பொருத்திச் செலுத்தும் மூலக்கூறு) நுழையும் வேகம் கே-1. சிக்காமல் ரத்தத்துக்குத் திரும்பும் வேகம் கே-2. நொதியில் சிக்கும் வேகம் கே-3. நமக்கு வேண்டியது கே-3. ஆனால் படத்தில் தெரியும் நிகரச் சேமிப்பு, கே-1ஐயும் கே-3ஐயும் பெருக்கி, கே-2, கே-3 இரண்டின் கூட்டலால் வகுத்தால் வருவது. எண்களைப் போட்டுப் பாருங்கள். கே-1 0.4, கே-2 0.1 என்று வைத்துக்கொள்வோம். கே-3 0.02 ஆக இருந்தால் நிகரச் சேமிப்பு 0.067. நொதி பாதியாகக் குறைந்து கே-3 0.01 ஆனால் அது 0.036 ஆகும், 45 சதவீத வீழ்ச்சி, படத்தில் பளிச்சென்று தெரியும். இப்போது நொதி மிக அதிகமாக உள்ள பகுதியை எடுப்போம்: கே-3 0.5. நிகரச் சேமிப்பு 0.33. அங்கும் நொதி பாதியாகக் குறைந்து 0.25 ஆனால் நிகரச் சேமிப்பு 0.29. பாதி நொதி போயும் படத்தில் 14 சதவீதம்தான் குறைகிறது. காரணம் எளிது: ரேஷன் கடையில் எடை போடுபவர் மின்னல் வேகத்தில் போட்டால், ஒரு மணி நேரத்தில் வெளியே போகும் பைகளின் எண்ணிக்கை அவர் வேகத்தைச் சொல்லாது, வரிசையில் ஆள் வந்து சேரும் வேகத்தைத்தான் சொல்லும். நொதி மலிந்த இடங்களில் சாதாரண டெப்ரெனில் இப்படித்தான் நடந்துகொண்டது. மூளையின் உட்பகுதிகளான அடித்தள நரம்பு முடிச்சுகள், தலாமஸ் ஆகிய இடங்களில் அது நுழைந்தவுடன் சிக்கியது. அங்கே தெரிந்த சிவப்பில் பெரும்பங்கு ரத்த ஓட்டத்துடையது.

தீர்வு கன ஹைட்ரஜனில், அதாவது டியூட்டீரியத்தில், கிடைத்தது. டெப்ரெனிலின் புரோபார்ஜில் பகுதியில், நொதி உடைக்கும் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பு இருக்கும் இடத்தில், இரண்டு ஹைட்ரஜன்களுக்குப் பதிலாக இரண்டு டியூட்டீரியம் வைத்தார்கள். டியூட்டீரியம் கதிரியக்கமற்றது, மூலக்கூறின் உருவத்தையோ மூளைக்குள் நுழைவதையோ மாற்றாது. ஆனால் கார்பன்-டியூட்டீரியம் பிணைப்பை உடைக்க அதிக ஆற்றல் வேண்டும். நொதியின் கை தளர்கிறது, கே-3 பல மடங்கு இறங்குகிறது. மேலே சொன்ன கணக்கில் 0.5 பக்கத்திலிருந்து 0.02 பக்கத்துக்கு நகர்ந்துவிடுகிறோம். படம் இப்போது நொதிக்குக் கட்டுப்படுகிறது. இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. ஓரிடத்தில் டியூட்டீரியம் வைத்தவுடன் சேமிப்பு குறைந்தால், அங்கே சிக்கவைப்பது அந்தப் பிணைப்பை உடைக்கும் செயல்தான் என்பதற்கு அதுவே சாட்சி. கொழுப்பில் ஒட்டியிருந்தாலோ வேறு புரதத்தில் தங்கியிருந்தாலோ டியூட்டீரியத்தால் எந்த மாற்றமும் வராது. உயிருள்ள மனித மூளைக்குள் நடக்கும் வேதிவினையில் எந்தப் பிணைப்பு உடைகிறது என்பதைத் தலைக்கு வெளியிலிருந்து சோதிப்பது இது. மருத்துவ வேதியியலில் இதைவிட நேர்த்தியான சோதனைகள் அதிகம் இல்லை என்பது எங்கள் கருத்து.

தயாரிப்பில் நேரமே எதிரி. கார்பன்-11இன் அரை ஆயுள் 20.4 நிமிடம். தயாரிப்பு 40 நிமிடம் இழுத்தால் தொடங்கியதில் கால் பங்குதான் மிஞ்சும். ஆகவே கதிரியக்க அணுவை உருவாக்கும் சைக்ளோட்ரான், வேதிக்கூடம், ஸ்கேனர் மூன்றும் ஒரே வளாகத்தில் இருந்தாக வேண்டும். சிறிதளவு ஆக்சிஜன் கலந்த நைட்ரஜன் வாயுவைப் புரோட்டான்களால் தாக்கினால் கார்பன்-11 கார்பன் டை ஆக்சைடாகக் கிடைக்கும். அதை மெத்தில் அயோடைடாக மாற்றி, மெத்தில் தொகுதி இல்லாத நார்-டெப்ரெனிலோடு சூடாக்கினால் வேண்டிய பொருள் உருவாகும். பிறகு திரவ நிறப்பகுப்பில் பிரித்து, கரைப்பானை ஆவியாக்கி, உப்புநீரில் கரைத்து, 0.22 மைக்ரான் வடிகட்டி வழியாகச் செலுத்துவார்கள். வடிகட்டி கிழியவில்லை என்பதைக் குமிழி அழுத்தச் சோதனையில் உடனே பார்த்துவிடலாம்; கிருமி வளர்ப்புச் சோதனையின் முடிவு ஊசி போட்டுப் பல நாள் கழித்துத்தான் வரும். அதற்காகக் காத்திருக்க கார்பன்-11 விடாது. அதனால்தான் மனிதருக்குத் தொடங்குமுன் அதே முறையில் தொடர்ந்து சில தொகுதிகள் தயாரித்துச் சோதித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

இங்கே அடிக்கடி சறுக்கும் இடம் காற்று. காற்றில் உள்ள சாதாரண கார்பன் டை ஆக்சைடு குழாயின் ஒரு தளர்ந்த இணைப்பு வழியாக நுழைந்தாலும் போதும். கதிரியக்கமற்ற டெப்ரெனில் கூடிவிடும். லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடு வழியாக மெத்தில் அயோடைடு செய்யும் பழைய முறையில், அந்தக் கரைசலே காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும். மற்ற டிரேசர்களில் இது படத்தை மங்கலாக்கும். டெப்ரெனிலில் அளக்க வந்த நொதியையே முடக்கத் தொடங்கிவிடும். அளவைப் பார்ப்போம். ஒரு மைக்ரோமோலுக்கு 37 கிகாபெக்கரல் என்ற தரத்தில் (பொருளின் அளவுக்கு எவ்வளவு கதிரியக்கம் என்ற கணக்கு) 370 மெகாபெக்கரல் செலுத்தினால் உடலுக்குள் போகும் டெப்ரெனில் சுமார் 2 மைக்ரோகிராம். நோயாளி சாப்பிடும் அன்றாட அளவு 10 மில்லிகிராம். அதில் இது ஐயாயிரத்தில் ஒரு பங்கு. தரம் நூறு மடங்கு சரிந்தால் இந்தப் பாதுகாப்பு இடைவெளியும் நூறு மடங்கு சுருங்கும். கதிரியக்கத்தைப் பற்றிக் கட்டுரை எழுப்பிய அச்சத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம்: கார்பன்-11 டிரேசர்களில் இந்த அளவுக்கு உடல் பெறும் கதிர் ஏறக்குறைய 2 மில்லிசீவர்ட், இயற்கையிலிருந்து நாம் ஓராண்டில் பெறுவதற்கு நெருக்கமான அளவு. அற்பம் என்று சொல்லவில்லை, அதனால்தான் கர்ப்பிணிகளைச் சேர்ப்பதில்லை. ஆனால் "மூளைக்குள் நஞ்சு" என்பது பொருந்தாது.

ரத்த மாதிரி எடுப்பதைப் பற்றிக் கட்டுரை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. உண்மையில் அளவீட்டின் பாதி அங்கேதான் இருக்கிறது. மூளைக்கு எவ்வளவு டிரேசர் வந்து சேர்ந்தது என்று தெரியாமல் எவ்வளவு சிக்கியது என்று சொல்ல முடியாது. மணிக்கட்டுத் தமனியில் சிறு குழாய் பொருத்துவார்கள். அதற்கு முன் அந்தத் தமனி அடைபட்டாலும் மறுபக்கத் தமனி கைக்கு ரத்தம் தருமா என்று ஆலன் சோதனையில் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு நிமிடங்களில் சில நொடிக்கு ஒருமுறை மாதிரி வேண்டும், ஏனென்றால் உச்சம் அங்கே வந்து போய்விடும். பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் 60 நிமிடம் வரை. ஒவ்வொன்றையும் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து, கதிரியக்கத்தை எண்ணும் கருவியான எண்ணியில் வைக்க வேண்டும். அதோடு முடியவில்லை. டெப்ரெனிலை உடல் வேகமாக உடைக்கிறது. கார்பன்-11 இருக்கும் மெத்தில் தொகுதி மெத்தாம்பெட்டமினோடு போய்விடுகிறது. பிளாஸ்மாவில் எண்ணப்படும் கதிரியக்கத்தில் மாறாத டெப்ரெனில் எவ்வளவு என்பதைத் தனியாகப் பிரித்துப் பார்க்காவிட்டால், வரத்து மிகையாகத் தெரியும், கே-3 குறைவாகத் தெரியும். இந்த மெத்தாம்பெட்டமின் மூளைக்குள்ளும் நுழையும். நொதியில் சிக்காது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

சிறிய பிழைகளும் பெரிதாகும். எண்ணியும் ஸ்கேனரும் ஒரே அளவில் பேசுகின்றனவா என்பதைத் தெரிந்த அளவுக் கரைசல் ஒன்றை இரண்டிலும் வைத்துச் சரிபார்க்க வேண்டும். அதில் 10 சதவீதம் பிசகினால் எல்லா முடிவும் 10 சதவீதம் பிசகும். இரண்டின் கடிகாரங்களும் ஒத்துப்போக வேண்டும்: கார்பன்-11இல் ஒரு நிமிட வேறுபாடு என்பது 3 சதவீதத்துக்கும் மேலான சிதைவுத் திருத்தப் பிழை. ஒரு மணி நேரம் படுத்திருப்பவர் தலையை அரை சென்டிமீட்டர் அசைத்தாலும் தலாமஸின் ஓரம் பக்கத்து வெண்பகுதியோடு கலந்துவிடும். வயதானவர்களிலும் அல்சைமர் நோயாளிகளிலும் மூளை சுருங்கியிருப்பதால், நொதி குறையாமலே குறைந்ததுபோல் காட்டும். எம்ஆர்ஐ படத்தோடு பொருத்தித் திருத்தினால்தான் உண்மை தெரியும். கே-2, கே-3 இரண்டையும் தனித்தனியே கணக்கிட்டால் ஒன்றின் பிழை மற்றதில் ஏறி ஆட்டம் காட்டும். அதனால் புரூக்ஹேவன் குழு, கே-1ஐ கே-2ஆல் வகுத்துக் கே-3ஆல் பெருக்கிய லாம்டா கே-3 என்ற எண்ணைப் பயன்படுத்தியது. ரத்த ஓட்டம் கூடினால் கே-1, கே-2 இரண்டும் சேர்ந்தே கூடும். வகுக்கும்போது அது கழிந்துவிடும். நொதியின் அளவு என்று எதையாவது குறிப்பிட வேண்டுமானால் அது இந்த எண்தான்.

இப்போது புகைபிடிப்பவரின் மூளைக்கு வருவோம். 1996இல் நேச்சர் இதழில் ஃபவுலர் குழு வெளியிட்ட ஆய்வில், டியூட்டீரியம் சேர்த்த டெப்ரெனிலால் அளந்தபோது, புகைபிடிப்பவர்களிடம் பி வகை நொதியின் செயல்பாடு புகைபிடிக்காதவர்களைவிட 40 சதவீதம் குறைவாக இருந்தது. முன்பு பிடித்து நிறுத்தியவர்களிடம் குறையவில்லை. எனவே இது பிறவியிலேயே அமைந்த வேறுபாடு என்பதற்கு இடமில்லை, புகையின் விளைவு. அதே ஆண்டில் குளோர்ஜிலின் என்ற டிரேசரால் ஏ வகையை அளந்தபோது 28 சதவீதக் குறைவு தெரிந்தது. நிகோடினுக்கு இந்த நொதியை முடக்கும் திறன் அப்படி இல்லை; புகையில் உள்ள ஹார்மன், நார்ஹார்மன் போன்ற பொருள்களுக்கு உண்டு. புகைபிடிக்காதவருக்கு ஒரே ஒரு சிகரெட் கொடுத்துப் பார்த்தபோது அளக்கத்தக்க மாற்றம் இல்லை. புகைபிடிப்பவர் ஓரிரவு நிறுத்திப் பார்த்தபோது நொதி மீளவும் இல்லை. 2003இல் இதயம், நுரையீரல், சிறுநீரகம், மண்ணீரல் ஆகியவற்றிலும் இதே குறைவைக் காட்டினார்கள்.

இதிலிருந்து "சிகரெட் பார்க்கின்சனைத் தடுக்கிறது" என்று கட்டுரை முடித்திருப்பதுதான் எங்களை மிகவும் வருத்தியது. புகைபிடிப்பவர்களிடம் பார்க்கின்சன் குறைவாகக் காணப்படுகிறது என்பது மக்கள்தொகை ஆய்வுகளில் வந்த கவனிப்பு. நொதிக் குறைவு அதற்கு ஒரு விளக்கமாக முன்வைக்கப்பட்டது, அவ்வளவே. அதே நொதியை செலிஜிலின் மாத்திரை கிட்டத்தட்ட முழுமையாகவே முடக்குகிறது. அந்த மாத்திரையைச் சாப்பிட்டும் பார்க்கின்சன் நின்றுவிடவில்லை. பெட் ஆய்வு சொன்னது, சிகரெட் புகை மூளையிலும் உடம்பின் பல உறுப்புகளிலும் ஒரு நொதியை அமுக்கிவைக்கிறது என்பதை. டோபமினைச் சிதைக்கும் நொதி குறைவதால் பழக்கம் இன்னும் இறுகுவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

நிரந்தரமாக முடங்கிய நொதி சீக்கிரம் மீளாது. செலிஜிலினை நிறுத்தியபின் மூளையில் புது நொதி உருவாகிப் பாதி மீள்வதற்குச் சுமார் 40 நாள் ஆகிறது என்பதும் இதே டிரேசரால் தெரிந்ததுதான். "ஒரு வாரமாக மாத்திரை சாப்பிடவில்லை" என்று சொல்லும் நோயாளியை ஆய்வில் சேர்த்தால் முடிவு பாழ். ரத்தத்தில் மருந்து இல்லை. மூளையில் நொதியும் இல்லை. புகைபிடிப்பவர்களையும் பிடிக்காதவர்களையும் எண்ணாமல் கலந்து ஒப்பிடும் எந்த ஆய்வும் இதே வகையில் கெடும்.

இந்த எச்சரிக்கை வேறு இடத்திலும் பலித்தது. அல்சைமர் நோயில் சேரும் டௌ புரதத்தைக் காட்டும் என்று நம்பி டிஎச்கே-5351 என்ற டிரேசரைக் கொண்டுவந்தார்கள். 10 மில்லிகிராம் செலிஜிலின் ஒரே ஒரு வேளை கொடுத்துவிட்டு மறுபடி ஸ்கேன் எடுத்தபோது, மூளைப் பகுதிகளில் அதன் ஒளிர்வு சராசரியாக 37 முதல் 52 சதவீதம் வரை விழுந்தது. டௌ என்று பார்த்ததில் ஏறக்குறைய பாதி மோனோஅமைன் ஆக்சிடேஸ் பி. படத்தில் அடித்தள நரம்பு முடிச்சுகள் பளிச்சிட்டபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். டௌ அங்கே அவ்வளவு சேராது, இந்த நொதி அங்கேதான் மலிந்து கிடக்கிறது.

இன்னொரு நொதியையும் சொல்லியாக வேண்டும்; வாசகர்களுக்கு அது அருகில் இருப்பது. அசிட்டைல்கோலினெஸ்டரேஸ்: அல்சைமர் மருந்தான டோனெபெசில் முடக்குவதும், பூச்சிமருந்து நஞ்சு முடக்குவதும் இதைத்தான். ஜப்பானின் சிபா நகரக் கதிரியக்க அறிவியல் நிறுவனத்தில் எம்பி4ஏ என்ற டிரேசரையும், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பிஎம்பி என்ற டிரேசரையும் கொண்டு இதை அளந்தார்கள். கொழுப்பில் கரையும் எஸ்டர் வகைப் பொருளான டிரேசர் மூளைக்குள் நுழைகிறது. நொதி அதை வெட்டுகிறது. வெட்டியபின் கிடைக்கும் துண்டு நீரில் கரைவது என்பதால் ரத்த-மூளைத் தடையைத் தாண்டி வெளியேற முடியாது. இங்கேயும் அதே தொல்லை: நொதி கொட்டிக் கிடக்கும் ஸ்ட்ரையேட்டமில் (அடித்தள நரம்பு முடிச்சுகளின் ஒரு பகுதி) நுழைந்ததெல்லாம் உடனே வெட்டுப்படுவதால் அங்கே நொதியை அளக்க முடியாது, மூளையின் மேலடுக்கான புறணியில்தான் முடியும். ஆனால் அந்தக் குறையையே ஆய்வாளர்கள் சாதகமாக்கினார்கள். ஸ்ட்ரையேட்டமில் வந்ததெல்லாம் தங்குகிறது என்றால், அதன் வளைகோடே மூளைக்கு வந்த டிரேசரின் கணக்கேடு. அதை வைத்துத் தமனியில் குழாய் போடாமலே புறணியின் கே-3ஐக் கணக்கிடலாம். குழாய் போட்டு எடுப்பவர்கள் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும்: ரத்தத்தில் உள்ள நொதிகள் குப்பிக்குள்ளும் டிரேசரை வெட்டிக்கொண்டே இருக்கும். ரத்தம் வந்து விழும் குப்பியில் நொதியை நிறுத்தும் பொருள் முன்பே இருக்க வேண்டும்; ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால் காலம் கடந்துவிடும்.

மிச்சிகன் குழு 2000இல் வெளியிட்ட முடிவு மருத்துவர்களையே யோசிக்கவைத்தது. டோனெபெசில் சாப்பிடும் அல்சைமர் நோயாளிகளின் புறணியில் நொதி சராசரியாக 27 சதவீதம்தான் முடங்கியிருந்தது. ரத்தத்தை வைத்து எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. நம் மருத்துவமனைகளில் பூச்சிமருந்து நஞ்சேறியவர்களுக்குப் பிளாஸ்மாவில் பார்க்கும் கோலினெஸ்டரேஸ் பெரும்பாலும் பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ் என்ற வேறு நொதி. சிகிச்சைக்கு அது உதவும். மூளைக்குள் என்ன நிலவரம் என்று அது சொல்லாது.

ஒன்றைக் கடைசியாகக் கேட்டுக்கொள்கிறோம். அந்தப் படங்களை இணையப் பதிப்பில் வைத்திருப்பதால் கீழுள்ள வரியை மாற்ற வழி இருக்கிறது. "கார்பன்-11 டெப்ரெனில் செலுத்தியபின் மூளையில் தங்கிய கதிரியக்கம், சிவப்பு அதிகம், நீலம் குறைவு, நொதியின் செயல்பாடு இதிலிருந்தும் தமனி ரத்த மாதிரிகளிலிருந்தும் சேர்த்துக் கணக்கிடப்பட்டது" என்று போட்டால் சரியாக இருக்கும். இரண்டு படங்களுக்கும் ஒரே வண்ண அளவுகோல்தானா என்பதையும் மூல ஆய்வில் பார்த்துப் பக்கத்தில் அந்தப் பட்டையை அச்சிடுங்கள். அது இல்லாமல் இரண்டு மூளைகளை ஒப்பிட எந்த வாசகராலும் முடியாது. பார்க்கின்சன் பற்றிய வரியை நீக்கி, நீக்கியதற்கான காரணத்தை அதே அறிவியல் பக்கத்தில் இரண்டு வரியாவது வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
கதிர்வேதியியல், அணு மருத்துவ இயற்பியல் துறைகளைச் சேர்ந்த வாசகர்கள்